எண் ஏன் ஆடுகிறது? உணர்கருவி அளவீட்டில் இரைச்சலைக் கண்டுபிடிப்பது எப்படி
உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும்

வாய்மொழிப் பயிற்சியில், "பள்ளியில் நீங்கள் செய்த ஒரு திட்டப்பணியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், இப்போது பல மாணவர்கள் மின்சுற்றுப் பலகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 2017இல் டிஜிட்டல் மேக்கர் திட்டத்தைத் தொடங்கிய பிறகு மைக்ரோபிட் என்ற சின்னப் பலகை நம் பள்ளிகளுக்குப் பழகிப்போன பொருளாகிவிட்டது. ஆர்டுயினோவும் அப்படித்தான். ஈசூனில் நான் பார்க்கும் மாணவர்களும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கருவி, வெப்பம் கூடினால் மின்விசிறியைப் போடும் கருவி என்று ஏதாவது ஒன்றைச் செய்திருப்பார்கள்.

"சரி, என்ன சிக்கல் வந்தது? எப்படித் தீர்த்தீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். "ரீடிங் ஆடிக்கிட்டே இருந்துச்சு. சென்சார் ஸ்பாயில். வேற மாத்தினோம்." இவ்வளவுதான் பதில்.

பெரும்பாலும் உணர்கருவி கெட்டிருக்காது. புதிதாக வாங்கிப் போட்டதும் அதே மாதிரி ஆடும். அப்புறம் சிலர் பத்து அளவீடுகளின் சராசரியை எடுத்துச் சமாளிப்பார்கள். சிலர் பிடிக்காத எண்களை அட்டவணையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். இந்த இரண்டாவது பழக்கம் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே அளவீடு முடிந்து கற்பனை தொடங்கிவிடுகிறது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: ஆடுகிற எண் எல்லாம் இரைச்சல் இல்லை. எப்படி ஆடுகிறது என்று பார்த்து அதற்குச் சரியான பெயர் வைத்தாலே காரணத்தின் பக்கத்தில் போய்விடலாம்.

பலகை எப்படி எண்ணுகிறது?

வெப்பம், ஒளி, ஈரம் எல்லாம் படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறுபவை. உணர்கருவி அந்த மாற்றத்தை மின்னழுத்தமாகத் தருகிறது. கணினிக்கு வேண்டியதோ எண். நடுவில் நின்று மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தரும் பகுதிக்கு ஒப்புமை மின்னிலக்க மாற்றி என்று பெயர். எல்லாரும் சொல்வது ஏடிசி.

இதை ஓர் ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டுயினோ ஊனோவின் ஏடிசி 10 பிட் அளவுடையது. அதாவது ஏணியில் 0 முதல் 1023 வரை மொத்தம் 1,024 படிகள். ஏணியின் முழு உயரம் 5 வோல்ட் என்றால் ஒரு படியின் உயரம் 5ஐ 1,024ஆல் வகுத்தால் வரும் 4.88 மில்லிவோல்ட். இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்க முடியாது.

எல்எம்35 என்ற வெப்ப உணர்கருவி ஒரு டிகிரி செல்சியசுக்கு 10 மில்லிவோல்ட் தரும். 30 டிகிரிக்கு 300 மில்லிவோல்ட். அப்படியானால் ஒரு படி என்பது ஏறக்குறைய அரை டிகிரி. 61ஆம் படியில் நின்றால் திரையில் 29.8 என்று வரும். 62ஆம் படியில் நின்றால் 30.3 என்று வரும். நடுவில் எதுவும் கிடையாது. உண்மை வெப்பநிலை அந்த எல்லையில் நின்றால் எண் 29.8க்கும் 30.3க்கும் இடையில் மாறிமாறி வரும். பார்ப்பவருக்கு "அரை டிகிரி குதிக்குதே!" என்று தோன்றும். அது உணர்கருவியின் கோளாறு இல்லை, ஏணியின் படி அவ்வளவு அகலம்.

இன்னொன்றையும் இங்கேயே கவனியுங்கள். ஏணியின் முழு உயரத்தை ஒப்பு மின்னழுத்தம் என்பார்கள். ஊனோவில் நாம் எதையும் மாற்றாவிட்டால், பலகைக்கு வரும் 5 வோல்ட் மின்வழங்கல்தான் ஒப்பு மின்னழுத்தம். மின்வழங்கல் ஆடினால் ஏணியே ஆடும். அளக்கப்படும் பொருள் அசையாமல் இருந்தாலும் எண் மாறும்.

ஆட்டத்தின் நான்கு வடிவங்கள்

கருவியை அப்படியே விட்டுவிட்டு ஒரு நிமிடம் அளவீடுகளைப் பதிவு செய்யுங்கள். எண்களை வெறுமனே பார்ப்பதைவிட வரைபடமாகப் போடுங்கள். ஆர்டுயினோ மென்பொருளிலேயே அதற்கு வசதி இருக்கிறது. கீழே உள்ள நான்கில் எது உங்கள் வரைபடம் என்று பாருங்கள்.

1. படி மாற்றம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு எண்கள் மட்டும் மாறிமாறி வரும். இது மேலே சொன்ன ஏணிப்படி விஷயம்.

2. அலை. எண் சீராக ஏறி இறங்கும். சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது ஒவ்வொரு 20 மில்லிவினாடிக்கும் ஒரு சுற்று. நீளமான கம்பி ஒன்று ஆன்டெனா மாதிரி நின்று சுவரில் ஓடும் இந்த மின்சாரத்தின் தாக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

3. துள்ளல். எண் அமைதியாக இருக்கும், திடீரென்று ஒரு பெரிய குதி, மறுபடி அமைதி. மோட்டார், ரிலே, சர்வோ ஏதாவது இயங்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. நகர்வு. எண் குதிக்காது, ஆனால் ஒரே திசையில் மெல்ல மெல்ல விலகிப்போகும். மண்ணில் குத்திவைக்கும் இரண்டு கம்பி ஈர உணர்கருவியில் இது அடிக்கடி நடக்கும். ஈர மண்ணில் தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் கம்பியின் உலோகம் அரித்துப்போகும். நாளுக்கு நாள் எண் மாறும், செடியின் ஈரம் மாறியிருக்காது. அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் அரிப்பு வெகுவாகக் குறையும்.

முதலில் உணர்கருவியைக் கழற்றுங்கள்

பழுது பார்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சந்தேகத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கோளாறு உணர்கருவியின் பக்கமா, பலகையின் பக்கமா?

உணர்கருவியின் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நமக்குத் தெரிந்த ஒரு மின்னழுத்தத்தைக் கொடுங்கள். ஊனோ பலகையிலேயே 3.3 வோல்ட் முனை இருக்கிறது. அதை அளவீட்டு முனையோடு இணைத்தால் எண் 675க்குப் பக்கத்தில் வர வேண்டும். 3.3ஐ 5ஆல் வகுத்து 1,024ஆல் பெருக்கிப் பாருங்கள். யுஎஸ்பி வழி வரும் மின்சாரம் துல்லியமாக 5 வோல்ட் இருக்காது என்பதால் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். நமக்கு முக்கியம், அது நிலையாக நிற்கிறதா என்பதுதான்.

நிலையாக நின்றால் பலகையின் மேல் குற்றமில்லை. உணர்கருவியையும் அதன் கம்பியையும் பாருங்கள். நிற்காமல் ஆடினால் புது உணர்கருவி வாங்கிப் பயனில்லை. மின்வழங்கலைப் பாருங்கள்.

இப்போது மோட்டாரை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 675 என்று நின்ற எண் 704க்கு ஏறினால், 3.3 வோல்ட் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. மோட்டார் மின்சாரத்தை இழுத்ததில் 5 வோல்ட் 4.8ஆகக் குறைந்துவிட்டது. ஏணி குட்டையானதால் அதே உயரம் அதிகப் படிகளாகத் தெரிகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். அதே நேரத்தில் எல்எம்35 தரும் 300 மில்லிவோல்ட், 61ஆம் படிக்குப் பதிலாக 64ஆம் படியாகத் தெரியும். திரையில் 31.3 டிகிரி. காற்று வாங்குவதற்காக மின்விசிறி ஓடத் தொடங்கியதும் அறை ஒரு டிகிரிக்கு மேல் சூடானதாகக் கருவி சொல்லும்! இதைத்தான் மாணவர்கள் "சென்சார் ஸ்பாயில்" என்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதிவையுங்கள். கம்பியையும் மாற்றி, நிரலையும் மாற்றி, மின்கலத்தையும் மாற்றினால் எண் சரியாகலாம். எதனால் சரியானது என்று உங்களால் சொல்ல முடியாது. அடுத்த வாரம் திரும்ப ஆடும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

காரணத்துக்கு ஏற்ற மருந்து

படி அகலம் என்றால்: ஏணியைக் குட்டையாக்குங்கள். ஊனோவுக்குள்ளேயே 1.1 வோல்ட் ஒப்பு மின்னழுத்தம் ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு படி 1.07 மில்லிவோல்ட், அதாவது 0.1 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மின்வழங்கல் ஆடினாலும் அது அவ்வளவாக ஆடாது. ஆனால் 1.1 என்பது பெயரளவு மதிப்பு. ஒவ்வொரு சில்லுக்கும் 1.0 முதல் 1.2 வரை மாறலாம். ஆகவே உங்கள் பலகையில் அது எவ்வளவு என்று அளந்து நிரலில் போடுங்கள். மாற்றிய உடனே வரும் முதல் சில அளவீடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மின்வழங்கல் இறங்குகிறது என்றால்: மோட்டாருக்குத் தனி மின்கலம் கொடுங்கள். ஒளியை அளக்கும் மின்தடை போன்ற உணர்கருவியை, ஏடிசி ஒப்பிடும் அதே 5 வோல்ட்டிலிருந்து ஒரு மின்தடையோடு சேர்த்து இணைத்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. ஏணியும் பொருளும் ஒரே விகிதத்தில் குறைவதால் படி எண் மாறாது. எல்எம்35 அப்படியில்லை. மின்வழங்கல் எவ்வளவாக இருந்தாலும் அது டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான் தரும்.

கிரவுண்ட் கம்பி பொதுவாக இருந்தால்: மோட்டாரும் உணர்கருவியும் ஒரே மெல்லிய கிரவுண்ட் கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கம்பியும் பிரெட்போர்டு துளையும் சேர்ந்து 0.1 ஓம் மின்தடை. மோட்டார் 0.5 ஆம்பியர் இழுக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 50 மில்லிவோல்ட். எல்எம்35 கணக்கில் அது 5 டிகிரி! கம்பி ஒன்றுதான், ஆனால் அதன் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இல்லை. மோட்டாருக்கு ஒரு கம்பி, உணர்கருவிக்கு ஒரு கம்பி என்று தனித்தனியே கொண்டுபோய் மின்வழங்கலின் அருகே ஒரே இடத்தில் சேருங்கள்.

குவளை நிறையவில்லை என்றால்: ஏடிசி ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் குவளையை நிரப்பித்தான் அளக்கிறது. ஊனோவில் உள்ள சில்லில் அந்தக் குவளை வெறும் 14 பிக்கோஃபாரட் மின்தேக்கி. உணர்கருவியின் மின்தடை அதிகமாக இருந்தால், ஒல்லியான குழாயில் தண்ணீர் பிடிப்பதுபோல, நேரத்துக்குள் குவளை நிறையாது. 10 கிலோஓம் அல்லது அதற்குக் குறைவான மின்தடைக்கு ஏற்றபடிதான் அந்தச் சில்லை வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு உணர்கருவிகளை மாறிமாறி அளக்கும்போது முதலாவதன் எண் இரண்டாவதில் ஒட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான். முனை மாறியதும் முதல் அளவீட்டை விட்டுவிடுங்கள். அளவீட்டு முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, பலகைக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். குவளை பக்கத்தில் ஒரு நிறைவாளி வைத்த மாதிரி. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள சிம் லிம் டவரில் இந்தச் சின்னச் சாமான்கள் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை: எல்எம்35இன் வெளியீட்டில் இவ்வளவு பெரிய மின்தேக்கியை நேராக வைக்காதீர்கள். 50 பிக்கோஃபாரட்டுக்கு மேல் போனால் அது தடுமாறத் தொடங்கலாம். நடுவில் 2 கிலோஓம் மின்தடை ஒன்றைப் போட்டு, அதற்குப் பிறகு மின்தேக்கியை வையுங்கள்.

அலை தெரிந்தால்: கம்பியைச் சுருக்குங்கள். அளவீட்டுக் கம்பியையும் கிரவுண்ட் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓட்டிப் பாருங்கள். அலை குறைந்தால் அது சார்ஜர் வழியே வந்திருக்கிறது. சுவர் மின்சாரத்தில் இயங்கும் எதையும் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். அது ஆசிரியர் இருந்தாலும் செய்யக்கூடாத வேலை.

சராசரி கடைசியில்தான்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில், "சராசரி எடு" என்பது. தப்பில்லை. ஆனால் அது எல்லா நோய்க்கும் மருந்து இல்லை.

காரணமின்றி மேலும் கீழும் சிதறும் உண்மையான இரைச்சலுக்குச் சராசரி நன்றாக வேலை செய்யும். 16 அளவீடுகளின் சராசரி எடுத்தால் சிதறல் நான்கில் ஒரு பங்காகும், ஏனென்றால் 16இன் வர்க்கமூலம் 4. 50 ஹெர்ட்ஸ் அலைக்கும் ஒரு வழி உண்டு. ஒரு மில்லிவினாடிக்கு ஒன்றாக 20 அளவீடுகள் எடுத்தால் ஒரு முழுச் சுற்று அடங்கிவிடும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

துள்ளலுக்குச் சராசரி ஆகாது. 61, 61, 62, 61, 190 என்ற ஐந்து எண்களின் சராசரி 87. அந்த 87 எங்கேயும் இல்லாத எண். வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் 61 வரும். ஆகவே அங்கே இடைநிலை அளவுதான் பொருத்தம்.

மோட்டார் ஓடும்போது வரும் 64 இருக்கிறதே, அதற்கு இரண்டுமே உதவாது. 16 முறை 64 வந்தால் சராசரியும் 64, இடைநிலையும் 64. தப்பைப் பதினாறு தடவை சொன்னால் அது சரியாகிவிடாது. எண் ஆடாமல் நிற்பதாலேயே நம்பிவிடுவோம் என்பதால் இது ஆடுகிற எண்ணைவிட மோசம்.

பாதையில் நடந்த ஒரு தேடல்

சின்னப் பலகைக்குச் சொன்ன இதே முறை, பெரிய அமைப்புக்கும் பொருந்தும். அதற்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

2016 ஆகஸ்டிலும் மறுபடி நவம்பர் தொடக்கத்திலும் வட்ட ரயில் பாதையில் ரயில்கள் திடீர் திடீரென்று அவசரமாக நின்றன. ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் அந்த ரயில்கள் சமிக்ஞைத் தொடர்பை இழந்ததும் தாமாகவே பிரேக் போட்டன. எந்த நேரம், எந்த இடம், எந்த ரயில் என்பதில் ஓர் ஒழுங்கும் தெரியவில்லை. பார்ப்பதற்குச் சுத்தமான இரைச்சல்.

அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு அறிவியலாளர்கள் நவம்பர் 5ஆம் தேதி அந்தப் பதிவுகளை எடுத்து, நேரத்தை ஓர் அச்சிலும் நிலையங்களை இன்னோர் அச்சிலும் வைத்து வரைபடமாக்கினார்கள். அப்போது ஒன்று தெரிந்தது. ஒரு ரயில் நின்ற சிறிது நேரத்தில் அதற்குப் பின்னால் வந்த ரயில் நின்றது, அப்புறம் அதற்கும் பின்னால் வந்தது. எதிர்த்திசையில் போகும் ஏதோ ஒன்று, கடந்துபோகும் ரயில்களை எல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போவதுபோல் புள்ளிகள் வரிசையாக நின்றன. அந்த நேரங்களில் அந்த இடங்களைக் கடந்தது எது என்று தேடியபோது கிடைத்த பெயர் பிவி46. அந்த ரயிலை ஓட்டிச் சோதித்தபோது அது உறுதியானது. அதன் சமிக்ஞைக் கருவியில் விட்டுவிட்டு வந்த கோளாறு மற்ற ரயில்களின் தொடர்பைக் கெடுத்திருந்தது.

எல்லாரும் பார்த்தது நின்றுபோன ரயில்களை. காரணமோ அவற்றைக் கடந்துபோன இன்னொரு ரயிலில் இருந்தது. அந்த நின்றுபோன பதிவுகளை யாராவது "தவறான தரவு" என்று நீக்கியிருந்தால் பிவி46 வெளியே வந்திருக்காது. உங்கள் அட்டவணையில் பிடிக்காத எண்ணை அழிக்கக் கை போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அழிக்க வேண்டாம். பக்கத்தில் நேரத்தையும் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள்.

தேர்வு மாணவர்களுக்கு

"ரீடிங் சரியில்ல" என்பது ஒரு புகார். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"மோட்டார் இயங்கும்போது மட்டும் அளவீடு உயர்ந்தது. ஆகவே உணர்கருவியைக் கழற்றிவிட்டு 3.3 வோல்ட்டை இணைத்தோம். அப்போதும் எண் உயர்ந்ததால், மின்வழங்கல் குறைவதே காரணம் என்று தெரிந்தது. மோட்டாருக்குத் தனி மின்கலம் கொடுத்த பிறகு அளவீடு நிலைத்தது."

நான்கே வாக்கியங்கள்: கண்டது, செய்தது, அறிந்தது, விளைந்தது. கருத்து விளக்கக் கட்டுரையின் ஒரு பத்திக்கும் இந்த வரிசை பொருந்தும். "மட்டும்", "ஆகவே", "அப்போதும்", "பிறகு" ஆகிய இணைப்புச் சொற்களை நீக்கிவிட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள். வாக்கியங்கள் இருக்கும், காரணம் காணாமல் போயிருக்கும்.

சொற்களில் நான்கை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரைச்சல் என்பது காதில் விழும் சத்தத்திலிருந்து வந்த சொல். இங்கே அளவீட்டோடு கலந்துவிடும் வேண்டாத மாற்றத்தைக் குறிக்கிறது. துள்ளல் ஒரு நொடிக் குதிப்பு. நகர்வு மெல்ல நடக்கும் விலகல். பிழை என்பது உண்மை மதிப்புக்கும் அளந்த மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. ஆடாத எண்ணிலும் பிழை இருக்கலாம்.

வகுப்பறையில் பயன்படுத்த

1. மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி மூன்று வாரத்தில் 600இலிருந்து 450க்கு வந்துவிட்டது. செடிக்கு தினமும் ஒரே அளவு தண்ணீர். இது எந்த வடிவம்? உறுதிப்படுத்த நீங்கள் என்ன செய்வீர்கள்?

2. 1.1 வோல்ட் ஒப்பு மின்னழுத்தத்தில் எல்எம்35 அதிகபட்சம் எத்தனை டிகிரி வரை அளக்க முடியும்?

3. மின்விசிறி 30 டிகிரியில் ஓடி, 30க்குக் கீழே போனதும் நிற்கும்படி நிரல் எழுதியுள்ளீர்கள். அது விட்டுவிட்டு ஓடி நிற்கிறது. ஓடவும் நிற்கவும் வேறு வேறு வெப்பநிலை வைத்தால் என்ன ஆகும்? இரண்டு வாக்கியங்களில் விளக்குங்கள்.

4. உங்கள் திட்டப்பணியில் வந்த ஒரு சிக்கலைக் கண்டது, செய்தது, அறிந்தது, விளைந்தது என்ற வரிசையில் ஒரு நிமிடம் பேசுங்கள். இணையாக உட்கார்ந்து ஒருவர் பேச, மற்றவர் "அது எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஓர் அளவீட்டைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தால், நீங்கள் தேர்வறைக்குத் தயார்.